சென்னையில் முதல் ஓட்டல்: கடன், மானியம், உரிமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன ஓட்டல், மெஸ், டிபன் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அதனால் "அண்ணே, நானும் ஒரு கடை போடலாம்னு இருக்கேன், கவர்ன்மென்ட்ல ஏதாவது கிடைக்குமா?" என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். சென்னை மாநகராட்சி எல்லைக்குள், முதல் தடவையாக, இருபது முப்பது பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்குக் கடை போடுகிறவரை மனதில் வைத்து எழுதியது. ஸ்டார் ஓட்டல் யோசனையில் இருப்பவர்களுக்கு இது போதாது.

கையில் பணம் இல்லை. அரசுக் கடனிலேயே முழுக் கடையும் போட்டுவிட முடியுமா?

முடியாது. எந்தத் திட்டமாக இருந்தாலும் உங்கள் பங்கு என்று ஒன்று கேட்பார்கள், பெரும்பாலும் திட்ட மதிப்பில், அதாவது வங்கி கணக்கில் எடுக்கிற மொத்தச் செலவில், 5 அல்லது 10 சதவீதம். அது சின்னத் தொகைதான், அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது கடைக்கான அட்வான்ஸைப் பார்த்து. சென்னையில் கடைக்குப் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது ஊர்ப் பழக்கம், 40,000 வாடகை என்றால் நான்கு லட்சம் அங்கேயே போய் உட்கார்ந்துவிடும், அந்தப் பணத்தை வங்கி பொதுவாகத் திட்ட மதிப்பில் சேர்க்காது. அப்புறம் கடன் கைக்கு வருவதற்கு முன்பே கடையைப் பிடித்து வைக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் கடை முகவரி இல்லாமல் விண்ணப்பம் நகராது. அந்த மாதங்களுக்கு வியாபாரமே இல்லாமல் வாடகை போகும். திறந்த பிறகும் முதல் சில மாதம் மாஸ்டர் சம்பளமும் மளிகைக் கடை பாக்கியும் கல்லாவிலிருந்து வராது, உங்கள் பையிலிருந்துதான் போகும்.

ஆகவே அட்வான்ஸுக்கு ஒரு தொகை, நான்கைந்து மாதச் செலவுக்கு ஒரு தொகை, இரண்டும் சொந்தமாக இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். இல்லையென்றால் கீழே வண்டிக்கடை பற்றி ஒரு கேள்வி இருக்கிறது, நேராக அங்கே போங்கள்.

எத்தனையோ திட்டம் சொல்கிறார்கள். எனக்கு எது பொருந்தும்?

முதலில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், எல்லோரும் சொல்கிற பி.எம்.இ.ஜி.பி. 2008இல் ஆரம்பித்தது, காதி கிராமத் தொழில் ஆணையம் நடத்துகிறது. சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு வைக்கலாம், ஓட்டல் அதில்தான் வரும். நகர்ப்புறத்தில் பொதுப் பிரிவு ஆணுக்கு 15 சதவீத மானியம், 10 சதவீதம் சொந்தப் பங்கு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகள் எல்லோரும் சிறப்புப் பிரிவு, அவர்களுக்கு 25 சதவீதம், சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். பலர் 'நமக்கு 15தான்' என்று முடிவு கட்டிக்கொண்டு வருகிறார்கள், பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் வைத்திருந்தும். உங்கள் சாதி மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள், 20 லட்சத் திட்டத்தில் அது 3 லட்சத்துக்கும் 5 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம். சேவைத் தொழிலில் 5 லட்சத்துக்கு மேல் போனால் எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். புதுக் கடைக்கு மட்டும்தான், ஓடுகிற கடையைக் காட்டிப் புதுசு என்று வாங்க முடியாது.

முன்பெல்லாம் இதில் அசைவ ஓட்டலுக்குக் கிடையாது என்று இருந்தது. 2022இல் விதியை மாற்றி அசைவம் பரிமாறும் ஓட்டலையும் சேர்த்துவிட்டார்கள், ஆனால் பழைய தகவலை வைத்துக்கொண்டு "பிரியாணி கடைக்கு வராது" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மது விற்கிற இடத்துக்கு இப்போதும் கிடையாது.

அடுத்து மாநில அரசின் யு.ஒய்.இ.ஜி.பி., அதாவது வேலையில்லாத இளைஞர்களுக்கான திட்டம். எல்லாப் பிரிவுக்கும் 25 சதவீத மானியம், அதிகபட்சம் 3.75 லட்சம். குடும்ப வருமானத்துக்கும் வயதுக்கும் வரம்பு உண்டு. சான்றிதழில் காட்டும் வருமானமும் வங்கியில் காட்டும் வருமானமும் ஒன்றுக்கொன்று மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் பெரிய கடை, பத்து லட்சத்தைத் தாண்டுகிற முதலீடு என்றால் நீட்ஸ் திட்டம். குடும்பத்தில் முதல் தலைமுறையாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கென்றே தமிழக அரசு வைத்திருப்பது. 5 கோடி வரை திட்ட மதிப்பு, 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம், மேலே 3 சதவீத வட்டி மானியம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023இல் வந்தது, அதில் 35 சதவீதம், அதிகபட்சம் 1.5 கோடி, வட்டி மானியம் 6 சதவீதம். அந்தச் சான்றிதழ் உள்ளவர்கள் மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள், சின்னக் கடை என்றால் ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகமான தாட்கோவிலும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒரே கடைக்கு இரண்டு திட்டத்தில் மானியம் வாங்க முடியாது.

மனைவி பெயரில் போட்டால் மானியம் அதிகமாமே?

உண்மைதான், பொதுப் பிரிவாக இருந்தால். ஆனால் கடன் அவர் தலையில், சிபில் (கடன் வாங்கிக் கட்டிய வரலாற்றுக்கான மதிப்பெண்) அவருடையது, பயிற்சிக்குப் போக வேண்டியவர் அவர், வங்கியில் மேலாளர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். "ஒரு கிலோ அரிசிக்கு எத்தனை இட்லி வரும் மேடம்?" என்று மேலாளர் சாதாரணமாகத்தான் கேட்பார், அப்போது பின்னால் நிற்கிற கணவர் முந்திக்கொண்டு பதில் சொன்னால் அந்த ஃபைல் அடியில் போய்விடும். அவரே கல்லாவில் உட்காரப் போகிறார், அவருக்கே கைப்பக்குவமும் கணக்கும் தெரியும் என்றால் தாராளமாக அவர் பெயரில் போடுங்கள். பி.எம்.இ.ஜி.பி.யில் கணவனும் மனைவியும் ஒரே குடும்பம், இரண்டு பேரும் தனித்தனியாக வாங்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மானியம் எப்போது கைக்கு வரும்?

கைக்கு வரவே வராது. இந்த ஒரு விஷயத்தைத் தெரியாமல் வந்து சண்டை போடுகிறவர்கள்தான் அதிகம். பி.எம்.இ.ஜி.பி.யில் மானியத் தொகை உங்கள் பெயரில் வங்கியில் வைப்பாக மூன்று வருடம் கிடக்கும், அந்த அளவுக்குக் கடனுக்கு வட்டி போட மாட்டார்கள். மூன்று வருடம் கழித்து, கடை உண்மையிலேயே நடக்கிறதா என்று ஆள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, கடனில் கழித்துக்கொள்வார்கள். 'மானியம் வந்ததும் ஏ.சி. போட்டுவிடலாம்' என்று யாராவது கணக்குப் போட்டு வைத்திருந்தால் அதை இப்போதே அடித்துவிடுங்கள்.

சொத்து எதுவும் இல்லை. அடமானம் இல்லாமல் கடன் தருவார்களா?

தரலாம். சிறு தொழில்களுக்குக் குறைந்தது 10 லட்சம் வரையான கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதற்கு மேல் என்றால் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற உத்தரவாத நிதி இருக்கிறது, நீங்கள் கட்டவில்லை என்றால் வங்கிக்கு ஏற்படும் நஷ்டத்தில் ஒரு பங்கை அது ஈடுகட்டும். இதைக் கேட்டுவிட்டு "கட்டலைன்னா கவர்ன்மென்ட் பாத்துக்கும்" என்று நினைக்கிறவர்கள் உண்டு. உத்தரவாதம் வங்கிக்குத்தான், உங்களுக்கு இல்லை. கடன் உங்கள் மேல் அப்படியே நிற்கும், சிபிலும் கெடும்.

சிபில் என்றதும் இன்னொன்று. விண்ணப்பிக்கும் முன் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒரு முறை இலவசம். எப்போதோ தவணையில் வாங்கிய செல்போனின் கடைசித் தவணை பாக்கி நின்று, அதனாலேயே கடன் தள்ளிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முத்ராவில் உடனே கிடைக்குமா?

முத்ராவில் மானியம் இல்லை, அடமானமும் இல்லை. சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரை என்று 2024இல் சேர்த்தார்கள். ஏற்கெனவே ஓடுகிற கடையில் இன்னொரு கிரைண்டர், ஃப்ரீசர் வாங்க இது சௌகரியம். புதுக் கடைக்கு வாங்குகிறீர்கள் என்றால் மானியத் திட்டம் எதற்கும் நீங்கள் தகுதி இல்லை என்று உறுதியான பிறகு வாருங்கள்.

உணவுத் தொழிலுக்கு 35 சதவீதம், 10 லட்சம் வரை மானியம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேனே?

அது பி.எம்.எஃப்.எம்.இ., உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழிலுக்கு. இட்லிப் பொடி, ஊறுகாய், மசாலா, அப்பளம் போட்டு விற்பவர்களுக்கு. இலை போட்டுச் சாப்பாடு பரிமாறுகிறவர்களுக்கு இல்லை. பின்னாளில் உங்கள் கடைப் பொடிக்குப் பெயர் வந்து அதை டப்பாவில் அடைத்து விற்கிற நிலை வந்தால் அப்போது பார்க்கலாம்.

எங்கே போய் யாரைக் கேட்பது?

கிண்டி. மற்ற மாவட்டங்களில் மாவட்டத் தொழில் மையம் என்று இருப்பது சென்னைக்கு மண்டலத் தொழில் இணை இயக்குநர் அலுவலகம், திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. தமிழ்நாடு தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனமும் கிண்டிப் பக்கம்தான், அங்கே குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கும். விண்ணப்பம் எல்லாம் ஆன்லைன்தான் என்றாலும் நேரில் ஒரு முறை போய் "நான் போடப் போவது இந்த மாதிரிக் கடை, எந்தத் திட்டத்தில் வரும், எவ்வளவு வரை வரும்" என்று கேட்டுவிட்டு வந்து ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டு தடவை எழுத வேண்டியிருக்கும்.

தரகர்களிடம் போகாதீர்கள். "சார் எனக்குத் தெரிஞ்சவரு, பத்து பர்சென்ட் குடுத்தா முடிச்சுத் தர்றேன்" என்று அலுவலக வாசலிலேயே நிற்பார்கள். இந்தத் திட்டங்களுக்கு இடைத்தரகர் கிடையாது. சிறு தொழில் என்று பதிவு செய்கிற உத்யம் பதிவும் இலவசம்தான், அதற்கும் இரண்டாயிரம் மூவாயிரம் கறக்கிற இணையதளங்கள் இருக்கின்றன.

வங்கியைப் பொறுத்தவரை, உங்கள் கணக்கு பல வருடமாக இருக்கிற கிளை, அதுவும் கடைக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. மேலாளர் ஒரு நாள் நடந்தே வந்து கடையைப் பார்க்கிற தூரத்தில் இருந்தால் பாதிப் பேச்சு மிச்சம்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ஆடிட்டரிடம் கொடுத்தால் எழுதித் தருவாரே, நான் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

எழுதித் தருவார், அழகாக இருக்கும், எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு உதாரணக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். வாடகை 40,000. மாஸ்டர், அவருக்கு ஒரு கையாள், இரண்டு சப்ளையர், பாத்திரம் தேய்க்க ஒருவர், எல்லோருக்கும் சம்பளம், சாப்பாடு, பேட்டா சேர்த்து 1,10,000. கேஸ், கரண்ட், தண்ணீர் 35,000. கடன் தவணை 15,000. ஆக இட்லி விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் 2 லட்சம் போகும். நூறு ரூபாய் வியாபாரத்தில் அரிசி, உளுந்து, காய், எண்ணெய்க்கு 40 ரூபாய், பார்சல் சாமானும் வீணாவதும் 5 ரூபாய் என்று வைத்தால் மிச்சம் 55. அந்த 55இலிருந்து 2 லட்சம் தேற வேண்டும் என்றால் மாதம் சுமார் 3,64,000 ரூபாய்க்கு வியாபாரம் ஆக வேண்டும், நாளைக்கு 12,000 சொச்சம். ஒரு ஆள் சராசரியாக 80 ரூபாய்க்குச் சாப்பிட்டால் தினம் 150 பேர். இது லாபம் இல்லை, நஷ்டம் இல்லாமல் கதவைத் திறந்து வைப்பதற்கு மட்டும்.

இப்போது நீங்கள் பார்த்து வைத்திருக்கிற கடைக்கு எதிரே காலையில் ஆறரையிலிருந்து பத்து வரை நின்று, பக்கத்துக் கடையில் எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள் என்று எண்ணுங்கள், மதியமும் இரவும் அதே மாதிரி, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை. ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. கம்பெனிகளை நம்பிப் போட்ட கடை சனி ஞாயிறு ஈ ஓட்டும், மயிலாப்பூர் கோயில் பக்கம் அன்றைக்குத்தான் கூட்டம். 150 தேறாது என்று தெரிந்தால் வாடகையையோ ஆட்களையோ குறையுங்கள், ரிப்போர்ட்டில் தலைகளைக் கூட்டாதீர்கள். மேலாளர்கள் நிறையக் கடைகளைப் பார்த்தவர்கள், முதல் மாதத்திலேயே நாளுக்கு 400 பேர் என்று எழுதியிருந்தால் மேற்கொண்டு புரட்ட மாட்டார்கள்.

கடை பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஆளுயரக் கண்ணாடி, மெயின் ரோடு, பார்க்கிங் எல்லாம் நீங்களே பார்ப்பீர்கள். நான் சொல்வது காகிதம். கடன், உரிமம், எல்லாமே கடைசியில் வீட்டு ஓனர் தருகிற இரண்டு மூன்று தாளில் வந்து நிற்கும், அவர் தரவில்லை என்றால் மேலே சொன்ன எந்தத் திட்டமும் உதவாது.

சென்னையில் பாதிக் கடைகள் ஒரு காலத்தில் வீட்டின் கார் ஷெட்டாக இருந்தவை. முன்பக்கம் ஷட்டர் போட்டுக் கடையாக்கி இருப்பார்கள், ஆனால் சொத்துவரி ரசீதில் அது இன்னும் குடியிருப்பு, மின்சார மீட்டரும் வீட்டு இணைப்பு. வீட்டுக் கட்டண மீட்டரில் ஓட்டல் நடத்தினால் மின்வாரியம் பிடிக்கும்போது அபராதம் உங்கள் கடைக்கு வரும், ஓனருக்கு இல்லை. தனி வணிக இணைப்பு இருக்கிறதா, உங்கள் கிரைண்டர், ஃப்ரீசர், எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் தாங்குகிற லோடு இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் மின்கட்டண அட்டையையே வாங்கிப் பாருங்கள். சொத்துவரி ரசீதின் நகல், ஒப்பந்தத்தில் 'உணவகம் நடத்த' என்ற வார்த்தை, இரண்டும் வேண்டும். மாநகராட்சித் தொழில் உரிமத்துக்குக் கேட்பார்கள்.

ஒப்பந்தக் காலம் இன்னொன்று. பதிவுச் செலவை மிச்சம் பிடிக்க எல்லோரும் பதினோரு மாதம்தான் எழுதுகிறார்கள். கடன் ஐந்து வருடம், கடை பதினோரு மாதம் என்றால் எந்த வங்கிக்காரர் தருவார்? நீங்கள் டைல்ஸ் ஒட்டி, புகைபோக்கி ஏற்றி, கடைக்கு ஒரு பெயரும் வந்த பிறகு "என் மச்சான் கடை போடப் போறான், காலி பண்ணுங்க" என்று ஓனர் சொன்னால் என்ன செய்வீர்கள்? மூன்று அல்லது ஐந்து வருடத்துக்கு எழுதிப் பதிவு செய்யுங்கள், வாடகை வருடத்துக்கு எவ்வளவு ஏறும் என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் பற்றிக் கேட்டால், 2017ஆம் வருட வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்றுதான் சொல்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும். அதனால் பேரம் பேச அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்புறம் புகையும் சாக்கடையும். மாடியில் குடித்தனம் இருந்தால் புகைபோக்கி மொட்டை மாடிக்கு மேலே போக வேண்டும், அதற்கு ஓனர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். தாளிக்கிற மிளகாய் நெடி முதல் மாடிக்குப் போனால் ஒரே வாரத்தில் புகார் வரும். பாத்திரம் தேய்க்கிற தண்ணீர் நேராகச் சாக்கடையில் விழக் கூடாது, நடுவில் எண்ணெய் தேங்குகிற ஒரு தொட்டி வேண்டும், இல்லையென்றால் மழைக்காலத்தில் அடைத்துக்கொண்டு உங்கள் வாசலிலேயே பொங்கும்.

என்னென்ன உரிமம் வேண்டும்?

உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம், இரண்டில் எது என்பது வியாபார அளவைப் பொறுத்தது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபாஸ்காஸ் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், வருகிற 14 இலக்க எண்ணைக் கடையில் மாட்ட வேண்டும், பில்லிலும் அச்சிட வேண்டும். வேலை செய்பவர்களுக்கு மருத்துவச் சான்று, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை இரண்டையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். மாநகராட்சித் தொழில் உரிமம் உங்கள் மண்டல அலுவலகத்தில், எது உங்களுடையது என்று வார்டு எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பத்துப் பேரைத் தொட்டால் இ.எஸ்.ஐ., இருபதைத் தொட்டால் பி.எஃப்.

எழுத்தில் இல்லாமல் மாட்டிக்கொள்கிற விஷயங்கள் வேறு. வீட்டு சிலிண்டரைக் கடை அடுப்பில் மாட்டுவது குற்றம், 19 கிலோ வணிக சிலிண்டர்தான். சிக்கன் 65க்கும் பிரியாணிக்கும் கலர் பொடி கூடாது, மாஸ்டர் "ஒரு சிட்டிகைதான் சார்" என்பார், மாதிரி எடுத்துப் போனால் பெயர் கெடுவது உங்களுக்கு. பஜ்ஜி, பூரி பொரிக்கிற எண்ணெயில் டி.பி.சி. என்று ஒரு அளவு பார்ப்பார்கள், 25 சதவீதம் தாண்டினால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும். பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய கப், கேரி பேக் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, பார்சல் செலவுக்கு வாழையிலையும் பாக்குமட்டையும் போட்டுக் கணக்குப் பாருங்கள். பெயர்ப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக.

ஜி.எஸ்.டி. கட்ட வேண்டுமா?

வருட வியாபாரம் 20 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். நாளைக்கு 5,500 ரூபாய் ஓடினாலே தாண்டிவிடும், அதனால் உட்கார்ந்து சாப்பிடுகிற கடை என்றால் பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டலுக்கு 5 சதவீதம், வாங்குகிற சாமானில் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. காம்போசிஷன் என்று எளிமையான முறையும் உண்டு, 1.5 கோடி வரை, அதிலும் 5 சதவீதம்தான், ஆனால் அதை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது, உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். இதைச் சொல்லாமலேயே 'காம்போசிஷன் ஈஸி சார்' என்று போட்டுவிடுகிறவர்கள் என் தொழிலிலேயே இருக்கிறார்கள்.

ஸ்விக்கி, ஸொமாட்டோவில் முதல் நாளிலேயே சேர்ந்துவிடலாமா?

கணக்குப் பார்த்துவிட்டுச் சேருங்கள். 200 ரூபாய் ஆர்டருக்கு 25 சதவீதக் கமிஷன் என்று வைத்தால் 50, அந்தக் கமிஷன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 9 ரூபாய், டப்பா பை 10. கையில் நிற்பது 131. அதில் சாமான் செலவு 80 போனால் 51 ரூபாய். இதே உணவைக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 120 நிற்கும். ஆட்கள் சும்மா இருக்கிற மதியம் மூன்று முதல் ஏழு வரைக்கும், இரவு பத்துக்கு மேலும் இது நல்ல துணை. மதியச் சாப்பாட்டு நெரிசலில் ஆப் ஆர்டருக்காக டேபிளில் இருப்பவரைக் காக்க வைத்தால் அவர் மறுபடி வர மாட்டார். உணவுக்கான 5 சதவீத ஜி.எஸ்.டி.யை 2022 முதல் அந்த நிறுவனங்களே வாங்கிக் கட்டிவிடும், நீங்கள் மறுபடி கட்ட வேண்டாம்.

எனக்குச் சமையல் தெரியாது. நல்ல மாஸ்டரை வைத்து நடத்த முடியாதா?

நடத்துகிறார்கள், அந்த மாஸ்டர் ஊர்த் திருவிழாவுக்குப் போகிற வரைக்கும். நீங்கள் தினமும் அடுப்பில் நிற்க வேண்டாம், ஆனால் மாவு எவ்வளவு அரைத்தால் எத்தனை தோசை வரும், சாம்பாருக்கு எத்தனை கிலோ பருப்பு என்பது உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். அளவு மாஸ்டர் கையில் மட்டும் இருந்தால் கடையும் அவர் கையில்தான். தரமணியில் இருக்கிற அரசு ஓட்டல் மேலாண்மைக் கல்லூரியில் அவ்வப்போது குறுகிய காலப் படிப்புகள் வரும், விசாரித்துப் பாருங்கள். அதைவிட, தெரிந்தவர் கடையில் சில மாதம் கல்லாவிலும் பின்கட்டிலும் வேலை பாருங்கள், கோயம்பேட்டுக்கு விடிகாலையில் காய் எடுக்கப் போகிறவர்களோடு நீங்களும் போங்கள். வங்கி நேர்காணலிலும் அனுபவம் என்று சொல்ல அது உதவும்.

வங்கி இழுத்தடிக்கிறது. தற்காலிகமாகத் தண்டல் வாங்கலாமா?

வேண்டாம். பத்தாயிரம் என்பார்கள், கையில் 8,500 தருவார்கள், தினம் 100 ரூபாய் நூறு நாள். 1,500தானே என்று தோன்றும். அசலைத் தினமும் திருப்பிக்கொண்டே இருக்கிறீர்கள், சராசரியாகப் பாதிப் பணம்தான் உங்களிடம் இருக்கிறது என்று பார்த்தால் வருட வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். திறக்காத கடைக்குத் தண்டல் வாங்குவது, வராத வியாபாரத்துக்கு வட்டி கட்டுவது. வங்கி இழுத்தடித்தால் என்ன காகிதம் குறைகிறது என்று எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் கிண்டி அலுவலகத்தில் சொல்லுங்கள், வேறு கிளைக்கு மாற்றித் தரக் கேட்கலாம்.

எந்த மாதத்தில் திறப்பது?

அசைவக் கடை என்றால் புரட்டாசிக்கு முன்னால் திறக்காதீர்கள், ஒரு மாதம் முழுக்கக் காற்று வாங்கும். அதைத் தொட்டே மழையும் ஐயப்பன் சீசனும் வந்துவிடும். தை பிறந்து திறந்தால் நன்றாக இருக்கும், முதல் சில மாதம் தடையில்லாமல் ஓடும். சைவக் கடைக்கு இந்தத் தொல்லை இல்லை, புரட்டாசியே அவர்களுக்கு நல்ல மாதம். திறப்பு தேதியைப் பேசி வைத்துக்கொண்டு, முதல் தவணை எப்போது ஆரம்பிக்கிறது, தவணை இல்லாத காலம் எத்தனை மாதம் என்பதை வங்கியில் அதற்கேற்பக் கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் தருவார்கள்.

முதலில் வண்டிக்கடையாக ஆரம்பிக்கலாமா?

பணம் குறைவு என்றால் இதுதான் சரி. மாநகராட்சியின் தெருவோர வியாபாரி அடையாள அட்டை இருந்தால் ஸ்வநிதி கடன் கிடைக்கும், 2020இல் ஆரம்பித்தபோது முதல் கடன் 10,000, 2025இல் 15,000 ஆக்கினார்கள், ஒழுங்காகக் கட்டினால் அடுத்தடுத்துப் பெரிய தொகை. தொகை சின்னது, ஆனால் வங்கியில் உங்கள் பெயரில் ஒரு கடன் எடுத்து அடைத்த கதை பதிவாகும். தள்ளுவண்டிக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். ஜி-பே, போன்-பே வசூல் எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில் விழுகிற மாதிரி வையுங்கள், இரண்டு வருடம் கழித்துக் கடைக்குக் கடன் கேட்கும்போது அந்தக் கணக்குப் புத்தகமே உங்கள் ரிப்போர்ட்.

கடை ஓடவில்லை என்றால்?

தவணை நிற்பதற்கு முன்னால் வங்கிக்குப் போங்கள், நின்ற பிறகு இல்லை. மூன்று மாதம் கட்டாமல் விட்டால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதற்கு முன்னால் போனால் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க வழி இருக்கிறது. மானியத்தில் வாங்கிய கடையை மூன்று வருடத்துக்குள் மூடினால் அந்த மானியமும் திரும்பப் போகும், எனவே மூடுவதற்கு முன் சுருக்கிப் பாருங்கள்: இரவுக் கடையை நிறுத்திவிட்டுக் காலை டிபன் மட்டும், அல்லது பக்கத்துக் கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு மட்டும். வளசரவாக்கத்தில் ஒரு அக்கா அப்படித்தான் மதியச் சாப்பாட்டைக் கைவிட்டுக் காலையில் இட்லி, பொங்கல், வடை மட்டும் என்று மாற்றினார், இரண்டு சப்ளையர் சம்பளம் மிச்சமானது, பதினோரு மணிக்குக் கடையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார், தவணை தவறாமல் போகிறது.